பன்னிரண்டாவது உருண்டை

வல்பியாங்கா பேருந்து நிறுத்தத்தில் மகனோடு இறங்கிய பெண்ணை இவானா மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தாள். பிறகு மகனிடம், "இதான் அந்தப் போலந்துக்காரியா?" என்று கேட்டாள். பெண் கையெட்டும் தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இத்தாலிய மொழி புரியும் என்பது இவானாவுக்கும் நன்றாகத் தெரியும்.

அந்தப் பெண்ணின் பெயர் யாகோதா. பொலோஞ்ஞாவில் ஐந்து மாதப் படிப்புக்கு வந்தவள், ஜனவரியில் திரும்பிப் போக வேண்டும். இவானாவின் மகன் மிர்கோ அவளோடு ஒரே வகுப்பில் படிக்கிறவன், ஐந்து வாரமாகக் காதலனும்கூட. எங்கள் ஊர் ட்ரஃபிள் காளான் திருவிழாவுக்கு வா, சனி ஞாயிறு இருந்துவிட்டுப் போகலாம் என்று அவன்தான் கூப்பிட்டான். கூப்பிட்ட கையோடு இன்னொன்றும் சொன்னான். "அம்மாவுக்குப் பிடிச்சிருச்சுன்னா நீ ஜனவரியில போகவே வேண்டாம், மாடி அறை சும்மாதான் கிடக்கு. அம்மாவுக்குப் பிடிக்கலேன்னா, என்னால ஒண்ணும் பண்ண முடியாது, சொல்லிட்டேன்." இருபத்திரண்டு வயது ஆண்பிள்ளை இப்படிச் சொன்னால் வேறொருத்தி சிரித்திருப்பாள். யாகோதாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய பத்தாவது வயதில் அப்பாவும் அம்மாவும் பிரிந்து, ஆளுக்கொரு குடும்பம், ஆளுக்கு இரண்டு பிள்ளை என்று செட்டிலாகிவிட்டார்கள். போலந்தில் கிறிஸ்துமஸ் விருந்தன்று, எதிர்பாராமல் யாராவது வந்தால் உட்காரட்டும் என்று ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டுவைப்பார்கள். ஒரு வருடம் அப்பா வீடு, ஒரு வருடம் அம்மா வீடு என்று மாறி மாறிப் போன யாகோதா இரண்டு வீட்டிலும் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். வேறு நாற்காலி இருக்கவில்லை. யாரும் அதைக் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. ஒரு வீட்டில், அவளுக்கென்று போட்ட இடத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இருபத்தொரு வயதில் அவளுக்கு இருந்த ஒரே ஆசை அது.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டிலேயே இவானா ஆரம்பித்துவிட்டாள். "உங்க ஊர்ப் பொண்ணுங்க இங்க வந்தா கிழவன் கிழவிக்கு மூத்திரச் சட்டி தூக்கத்தானே வருவாங்க. நீ படிக்க வந்தியாக்கும்? பரவாயில்லையே."

மிர்கோ சோள மாவுக் களியைக் கிண்டியபடி சிரித்தான். யாகோதாவும் சிரித்தாள். சிரித்தால் சகஜமாகிவிடும் என்று நினைத்தாள்.

"சிரிப்பு நல்லா இருக்கு. பல்லுக்குக் கம்பி போட்டாங்களா, இல்ல பொறந்ததே அப்படியா?" என்றாள் இவானா. அதற்கும் மகன் சிரித்தான்.

அப்பா ஒரேஸ்தே மட்டும் தட்டைவிட்டு நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மண்ணுக்கடியில் விளையும், பொன் விலைக்கு விற்கும் ட்ரஃபிளை நாயை வைத்துத் தேடுவதில் அந்தப் பக்கத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பெயர். அவருடைய நாய் பிரீனா மூன்று வருடமாகத் திருவிழாப் போட்டியில் முதல் பரிசு வாங்கிக்கொண்டிருந்தது. சுருள் சுருளாக வெள்ளை முடி, தேன் நிறக் கண். மேசைக்கு அடியில் அது யாகோதாவின் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. அந்த வீட்டில் அவளைத் தொட்ட முதல் உயிர் அது. சாப்பாடு முடியும்வரை அவள் காலை அசைக்கவே இல்லை.

சனிக்கிழமை விடிந்ததும் ஒரேஸ்தே அவள் அறைக் கதவைத் தட்டினார். "காட்டுக்குப் போறேன். வர்றியாம்மா?"

மிர்கோவே திகைத்துப்போனவன் மாதிரி கண்ணை விரித்தான். "அப்பா என்னையே கூட்டிட்டுப் போனதில்லை. உனக்கு யோகம்தான் போ" என்று தன் ஜாக்கெட்டை அவளுக்குப் போட்டுவிட்டான். அவன் சொன்னது பொய்யில்லை. ட்ரஃபிள் விளையும் இடத்தை அந்த ஊரில் எவனும் பெற்ற பிள்ளைக்குக்கூடக் காட்ட மாட்டான். சாகும்போது காதில் சொல்லலாம் என்று இருப்பான், அதற்குள் மூச்சு நின்றுவிடும். அப்படிப்பட்ட மனுஷன் நேற்று வந்த பெண்ணைக் கூப்பிடுகிறார் என்றால் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். யாகோதாவோ சந்தோஷத்தில் ஷூவை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

ஓடைக்கரையில் ஒரேஸ்தே நின்றார். பிரீனாவின் முகத்தில் கம்பி வாய்க்கூடு மாட்டியிருந்தது. மோப்பம் பிடிக்கலாம், மண்ணைத் தோண்டலாம், வாயில் எதையும் கவ்வ முடியாது. தோள்பையிலிருந்து அவர் ஒரு பொட்டலத்தையும் ஒரு ஜோடி நீல ரப்பர் கையுறையையும் எடுத்தார். பொட்டலத்துக்குள் பன்னிரண்டு கறி உருண்டைகள் இருந்தன.

"திருவிழாவுக்கு முந்தின நாள் காட்டுக்கும் ஒரு பங்கு வைக்கிறது எங்க வழக்கம். நரியோ காட்டுப்பன்றியோ, எதுக்கு வாய்க்குதோ அது தின்னும். இவானா கையால செஞ்சது. எனக்கு முட்டி மடங்காது, நீ ஏறி வச்சுட்டு வாம்மா. அந்தப் பாதையோரமா பன்னிரண்டு ஓக் மரம் நிக்கும். மரத்துக்கு ஒண்ணு. மேல ரெண்டு இலையைப் போட்டு மூடிரு."

"கையுறை எதுக்கு?"

"மனுஷ வாடை பட்டா நரி தொடாது."

யாகோதாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "எங்க ஊர்லயும் இருக்கு! கிறிஸ்துமஸ் விருந்தன்னிக்கு நாங்க பிட்டுத் திங்கிற அப்பத்துல மாட்டுக்கும் நாய்க்கும் ஒரு விள்ளல் கொடுப்போம். வீட்டுல இருக்கிற ஒரு உயிரையும் விடக் கூடாதும்பாங்க."

ஒரேஸ்தே அவளை ஒரு நொடி பார்த்தார். "அப்ப உனக்கு நான் சொல்லித் தரவே வேண்டாம்" என்றார்.

வல்பியாங்காவில் அப்படி ஒரு வழக்கம் என்றைக்குமே இருந்ததில்லை. அவளுக்கு அது எப்படித் தெரியும்? குனிந்து குனிந்து, ஒவ்வொரு மரத்தடியிலும் பயபக்தியோடு வைத்துக்கொண்டு போனாள். பதினோராவது மரத்தடியில் நிமிர்ந்தபோது கீழே ஓடைக்கரையில் பிரீனா கயிற்றை இழுத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. வாய் முழுக்கக் கம்பி. ஊரில் இருக்கிற நரிக்கெல்லாம் பங்கு உண்டு, வீட்டு நாய்க்கு இல்லையா என்று அவளுக்குத் தோன்றியது. கடைசி உருண்டையைக் கையுறைக்குள் வைத்துச் சுருட்டி ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டாள்.

"பன்னிரண்டும் வச்சாச்சா?" என்று ஒரேஸ்தே கேட்டார்.

"வச்சாச்சு."

அதன்பிறகு அவர் தன் இடத்துக்குக் கூட்டிப்போனார். நாய் தோண்டும்போது அவளைத் திரும்பி நிற்கச் சொன்னார். சின்ன உருளைக்கிழங்கு அளவில் ஒரு வெள்ளை ட்ரஃபிள் கிடைத்தது. பிரீனாவுக்குக் கூலியாக ஒரு பிஸ்கட்டை உடைத்துக் கம்பி இடுக்கு வழியாகத் திணித்தார். வீடு வரும்வரை நாய் யாகோதாவின் ஜாக்கெட் பையை முகர்ந்து முகர்ந்து முனகிக்கொண்டே வந்தது.

"இவளுக்கு உன்னைப் பிடிச்சுப்போச்சு. இவ அவ்வளவு லேசுல யாரையும் அண்டவிட மாட்டா" என்றார் ஒரேஸ்தே. அதைச் சொல்லும்போது அவர் குரல் குழைந்தது. நாய் என்றால் அவருக்கு உயிர்.

வாசலில் இவானா நின்றிருந்தாள். "போன காரியம் முடிஞ்சதா?" என்று கணவனிடம் கேட்டாள். அவர் தலையாட்டினார். அப்போதுதான் அவள் யாகோதாவைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தாள். "போய்க் கையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவு" என்றாள். என் மேல் எவ்வளவு அக்கறை என்று யாகோதா உருகிப்போனாள்.

மத்தியானம் சதுக்கத்தில் திருவிழா களைகட்டியது. முழுப் பன்றியை வறுத்து அறுத்துக்கொண்டிருந்தார்கள், சீஸ் கடையில் அடிதடி, அக்கார்டியனை ஒருத்தர் கழுத்தை நெரிக்கிற மாதிரி வாசித்துக்கொண்டிருந்தார். சமையல் பந்தலுக்கு இவானாதான் ராணி. வெளியூர்க்காரர்கள் முன்பக்கம் சீட்டு வாங்கி வரிசையில் நின்று பிளாஸ்டிக் தட்டில் பாஸ்தா வாங்கிப் போக வேண்டும். பந்தலுக்குப் பின்னால், காட்டைப் பார்த்தாற்போல ஒரு நீள மேசை. எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு சமைத்த குடும்பங்கள் அங்கே உட்காரும். அங்கே பீங்கான் தட்டு, துணி விரிப்பு. மருமகளாகி வந்தவளுக்கே முதல் வருடம் அந்த மேசையில் இடம் கிடைத்ததில்லை என்று ஊரில் பேச்சு.

மூன்று மணி நேரம் யாகோதா அந்தப் பந்தலில் பாத்திரம் தேய்த்தாள். சாப்பாட்டு நேரம் வந்ததும் மிர்கோ பின்பக்க மேசையில் போய் உட்கார்ந்தான். அவளும் பின்னாலேயே போனாள். இவானா ஒரு சீட்டை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"வரிசை முன்பக்கம் இருக்கும்மா. சீக்கிரம் போ, பாஸ்தா தீர்ந்துடும்."

மேசையில் நான்கு பேர் சிரித்தார்கள். மிர்கோ தட்டைப் பார்த்தபடி இருந்தான்.

அவள் பிளாஸ்டிக் தட்டோடு முன்பக்க மேசை ஒன்றின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கண்ணில் நீர் நிறைந்து பாஸ்தா தெரியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த கிழவர் பையிலிருந்து ஒரு ட்ரஃபிளை எடுத்து, கேட்காமலேயே அவள் தட்டில் மெல்லிசாகச் சீவிப் போட்டார்.

"அழுதுக்கிட்டே சாப்பிட்டாலும் இது ருசியாத்தான் இருக்கும். பேர் என்னம்மா?"

சொன்னாள். அவர் மூன்று தரம் தப்பாகச் சொல்லி, நாலாவது தரம் சரியாகச் சொன்னார். அந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவள் பெயரை முழுதாகச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அவர் நேவியோ, ஓய்வு பெற்ற தபால்காரர். அவருடைய அம்மா படுக்கையில் கிடந்த ஆறு வருடமும் ஒரு போலந்துப் பெண்தான் பார்த்துக்கொண்டாளாம். "அவ பாத்துக்கிட்ட மாதிரி நான் பாத்திருக்க மாட்டேன்" என்று சொல்லி, போலந்து மொழியில் நன்றி என்றார். காலடியில் ஒற்றைக் காது மடிந்த பழுப்பு நாய் ஒன்று வாலை ஆட்டியது.

"இவன் லாம்போ. நாளைக்குப் போட்டியில பிரீனாவைத் தோக்கடிக்கப் போறான். அதான் காலுக்கு ஓய்வுன்னு இன்னிக்குக் காட்டுக்குக் கூட்டிப்போகாம வண்டியில வந்தோம். நாளைக்கு ஜெயிச்சுட்டு நடந்தே வீட்டுக்குப் போவோம். அதோ, அந்த ஓக் மரப் பாதை தெரியுதா? அதுல ஏறினா என் வீடுதான்."

காலையில் தான் குனிந்து குனிந்து ஏறிய பாதை அது. காட்டில் எங்கே போனோம் என்று யாரிடமும் சொல்லக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும், அதனால் சிரித்து மட்டும் வைத்தாள்.

பக்கத்து மேசை ஆள் எட்டிப் பார்த்துக் கத்தினான். "யோவ் நேவியோ, உன் நாய்க்கு வாய்க்கூடு வாங்கிப் போடுய்யா! இல்லேன்னா அடுத்த வருஷம் ஒத்தையிலதான் வருவ."

"நான் போட மாட்டேன். நம்ம ஊர் ஆளுங்க அவ்வளவு மோசமில்லடா" என்றார் நேவியோ.

எதற்காக வாய்க்கூடு என்று அவள் பிறகு மிர்கோவிடம் கேட்டாள். "முள்ளம்பன்றி முள் குத்திரும்" என்றான் அவன். உடனே அவள் இடுப்பைக் கிள்ளிப் பேச்சை மாற்றினான். அவளும் விட்டுவிட்டாள். இவானா கொடுத்த சீட்டு ஒன்றுதான் அப்போது அவள் மனசை அரித்துக்கொண்டிருந்தது.

ஞாயிறு பத்து மணிக்குக் கால்பந்து மைதானத்தில் போட்டி. வேலி கட்டி, மண்ணைக் கொத்திவிட்டு, ஆறு இடத்தில் ட்ரஃபிள் துண்டுகளைப் புதைத்திருந்தார்கள். களத்தில் வாய்க்கூடு கூடாது என்பது விதி. ஒரேஸ்தே பிரீனாவின் கூட்டைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு, வரிசை எண் எடுக்கப் போனார். அந்த வழியாக வந்த நேவியோ குனிந்து பிரீனாவின் மோவாயைச் சொறிந்துவிட்டு, "அழகி, இன்னிக்கு எங்களுக்கு விட்டுக்கொடு" என்று சொல்லிப் போனார். பத்துப் பேர் அதைப் பார்த்தார்கள், பார்த்துச் சிரித்தார்கள்.

கூட்டம் களத்துப் பக்கம் நகர்ந்ததும் யாகோதா நாயின் பக்கத்தில் மண்டியிட்டாள். ஜாக்கெட் பையிலிருந்து கையுறையை எடுத்துப் பிரித்தாள். நேற்றிலிருந்து இந்த வாசனைக்காகத் தவித்த நாய் நடுங்கியது. "உன் பங்கு" என்று அவள் தன் மொழியில் சொன்னாள். தன்னை மேசைக்கு அண்டவிடாத வீட்டில் தன் காலில் தலை வைத்துப் படுத்த பிராணி அது, அதற்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பாள்? பிரீனா ஒரே வாயில் விழுங்கியது. அவள் மூக்கை ஒரு தரம் நக்கியது.

அரை மணி கழித்து பிரீனாவின் முறை வந்தது. ஒரு நிமிடத்துக்குள் இரண்டு துண்டுகளைத் தோண்டி எடுத்தது. ஜனம் கை தட்டியது. மூன்றாவதை நோக்கிப் போன நாய் நின்றது. பின்னங்கால் இரண்டும் விறைத்தன. எதையோ உதறப் பார்ப்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுப் பக்கவாட்டில் விழுந்தது. வாயில் நுரை. முதலில் சிலர் சிரித்தார்கள், தடுக்கி விழுந்துவிட்டது என்று. பிறகு அது துடிக்க ஆரம்பித்தது. கால்நடை மருத்துவர் பையோடு ஓடி வந்தார், ஊசி போட்டார், இன்னொன்றும் போட்டார். எல்லாம் முடிய நீண்ட நேரம் ஆனது. அந்த நேரம் முழுக்க நாயின் கண் திறந்தே இருந்தது. சின்னப் பிள்ளைகளை யாரும் அப்பால் கூட்டிப்போகவில்லை.

"விஷம்" என்றார் மருத்துவர்.

ஒரேஸ்தே நாயின் தலையை மடியில் எடுத்துக்கொண்டு கதறினார். பெரிய உடம்பு குலுங்கியது. அது நடிப்பில்லை, ஊரே அழுதது. நாயின் வாயைத் துடைக்கக் குனிந்தவரின் கை பாதியிலேயே நின்றது. அதன் வாயிலிருந்து காட்டுச் சோம்பு வாடை வந்தது. கறி உருண்டையில் காட்டுச் சோம்பு போடுகிறவள் அந்த ஊரில் இவானா ஒருத்திதான். மெதுவாக நிமிர்ந்து, கூட்டத்துக்குள் யாகோதாவைத் தேடிப் பிடித்தார். அவளுடைய ஜாக்கெட் பையில் நீல ரப்பர் விரல் ஒன்று வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பார்வையில் அவளுக்கு எல்லாம் புரிந்தது. நரி, வழக்கம், கையுறை, சோப்பு, வாய்க்கூடு எல்லாம். அந்தப் பாதையில் போகும் மற்றவர்களின் நாய்களைக் கொல்லத்தான் அந்த உருண்டைகள். வாய் திறந்தால் கத்திவிடுவோம் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஒரேஸ்தே எழுந்தார். "எவன்டா என் நாயைத் தொட்டது?" என்று கத்தினார்.

கூட்டத்தில் ஒரு குரல் சொன்னது. "நேவியோ தொட்டான். நான் பாத்தேன்."

"நானும் பாத்தேன். மோவாயில கைய வச்சான்."

"அவன் நாய் மட்டும் எப்படி உசுரோட நிக்குது? வாய்க்கூடு கூடப் போட மாட்டானே! நேத்து மட்டும் ஏன் காட்டுக்கே போகலை?"

நேவியோ ஒன்றும் புரியாமல் லாம்போவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மிர்கோ யாகோதாவின் கையைப் பிடித்துப் பந்தலுக்குப் பின்னால் இழுத்துப்போனான். அவன் முகம் வெளுத்திருந்தது. "நீயா கொடுத்த?"

"உனக்குத் தெரியும். நேத்தே உனக்குத் தெரியும்."

"மெதுவா பேசு. அந்தப் பாதையில மரத்துக்கு மரம் கேமரா வச்சிருக்காங்க, விஷத்துல நாயைப் பறிகொடுத்த ஆளுங்க. ரெண்டு வருஷமா அவங்களுக்கு அப்பா மேல சந்தேகம். அதுல விழுந்திருக்கிறது உன் மூஞ்சி. பதினோரு இடத்துல. அப்பா ஓடையைத் தாண்டவே இல்லை."

"அதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டியா? திருவிழாவுக்கு?"

"அப்படி இல்ல. ரெண்டும்தான்" என்றான். அவன் சொன்னதிலேயே அதிக உண்மை அதுதான். "இப்ப நேவியோன்னு முடிவாயிட்டா அந்தக் கேமராவை எவனும் பாக்கப்போறதில்லை. அவன் பேச்சை யார் கேப்பா? ஆனா கிட்டக்க நின்ன ஆள் ஒருத்தர் சொல்லணும். நாய் பக்கத்துல நின்னது நீதான்."

அப்போது இவானா வந்தாள். அடிப்பாள் என்று யாகோதா பின்வாங்கினாள். இவானா தன் சமையல் ஏப்ரனால் அவள் கண்ணையும் மூக்கையும் துடைத்துவிட்டாள். பையில் தொங்கிய கையுறையை உருவி ஏப்ரன் பைக்குள் செருகிக்கொண்டாள். கை மாவு வாசனையோடு வெதுவெதுப்பாக இருந்தது. கடைசியாக எப்போது ஒரு அம்மா இப்படி முகம் துடைத்துவிட்டாள் என்று யாகோதாவுக்கு நினைவில்லை.

"பயந்துட்டியா? வேணும்னா செஞ்ச நீ? பாவம், கொழந்தை" என்றாள் இவானா. "நம்ம வீட்டு விஷயம் நம்ம வீட்டோட. அந்தாளுக்குப் பொண்டாட்டியா, பிள்ளையா? நாலு நாள் பேசுவாங்க, அப்புறம் மறந்துருவாங்க. வா, நான் கூட இருக்கேன்."

வனக்காவலர் குறிப்பேட்டோடு நின்றிருந்தார். இவானா யாகோதாவின் தோளில் கை போட்டபடி அவளை அவர் முன்னால் நிறுத்தினாள்.

"நீங்கதான் பக்கத்துல இருந்தீங்களாம். அவர் நாய்க்கு ஏதாவது கொடுத்தாரா?"

"கொடுத்தார்" என்றாள் யாகோதா.

"என்ன கொடுத்தார்?"

"ஏதோ உருண்டை. வாய்க்குள்ள வச்சார்."

"யாகோதா" என்றார் நேவியோ. பெயரைச் சரியாகத்தான் சொன்னார். "நீயாம்மா சொல்ற?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. இவானாவின் கை அவள் தோளை ஒருமுறை அழுத்தியது. அவ்வளவுதான், நேவியோவின் கதை முடிந்தது. ட்ரஃபிள் தேடுகிறவர்களின் சங்கத் தலைவர் அங்கேயே அவருடைய அடையாள அட்டையைப் பிடுங்கிக் கிழித்தார். ஒருத்தி முகத்தில் துப்பினாள். நாற்பது வருடம் ஒவ்வொரு வாசலிலும் கடிதம் கொடுத்த மனுஷனை, தபால்கார நாயே என்று அந்த வாசல்களிலிருந்தே வந்தவர்கள் திட்டினார்கள். நாளை நிலையத்துக்கு வரச் சொன்னார் காவலர். நேவியோ துப்பலைக்கூடத் துடைக்காமல் நாயை அணைத்தபடி நின்றார்.

இரண்டு மணிக்குப் பந்தலுக்குப் பின்னால் நீள மேசையில் துணி விரித்தார்கள். துக்கத்துக்காக அக்கார்டியனை நிறுத்தியிருந்தார்களே தவிர, பசியை யாரும் நிறுத்தவில்லை. யாகோதா பாத்திரத் தொட்டியருகே ஒதுங்கி நின்றாள்.

"அங்க என்ன பண்ற?" என்று இவானா கூப்பிட்டாள். "இங்க வா. மிர்கோ, தள்ளி உக்காரு."

அவளை உட்காரவைத்த இடம் இவானாவுக்கும் மிர்கோவுக்கும் நடுவில். முன்னால் நீலக் கரை போட்ட பீங்கான் தட்டு. ஆவி பறக்கும் பாஸ்தாவை முதல் கரண்டி அவளுக்குத்தான் வைத்தார்கள். வீங்கிய கண்ணோடு ஒரேஸ்தே எழுந்து வந்து, நேற்று பிரீனா தோண்டிய ட்ரஃபிளைத் தன் கையாலேயே அவள் தட்டில் சீவினார். மேசையில் யாரும் அதை விசித்திரமாகப் பார்க்கவில்லை. அவளுக்கென்று போட்ட இடம் அது. வேறு யாரோ வராததால் மிச்சமான நாற்காலி இல்லை.

எதிரே காடு தெரிந்தது. பெரிய சாலையில் ஜனம் கூடிக் கத்திக்கொண்டிருந்ததால் நேவியோ அந்தப் பக்கம் போகவில்லை. மைதானத்தைச் சுற்றி, ஓடையைத் தாண்டி, ஓக் மரப் பாதையின் அடிவாரத்துக்கு வந்துவிட்டார். முன்னால் லாம்போ ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நாளாகக் காட்டைப் பார்க்காத நாய், வாலைத் தூக்கிக்கொண்டு, மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு போனது. வாயில் கூடு இல்லை.

பதினொன்று என்று யாகோதா நினைத்தாள். முதல் மரம் ஓடையிலிருந்து ஐம்பதடி. இலையை அவளே தூவியிருந்தாள். எழுந்து ஒரு குரல் கொடுத்தால் கேட்கும் தூரம்தான். லாம்போ என்று ஒரு வார்த்தை கத்தினால் போதும், நாய் திரும்பிப் பார்க்கும். கத்தினால் இந்த மேசையில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அதில் என்ன இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள்.

மேசையில் காட்டைப் பார்த்தது அவள் மட்டுமில்லை. ஒரேஸ்தேயும் பார்த்தார். மிர்கோவும் பார்த்துவிட்டு ரொட்டியைப் பிட்டான்.

லாம்போ முதல் மரத்தடியில் நின்று இலையைக் கிளறியது. நேவியோ பின்னால், தலையைக் குனிந்தபடி, மெதுவாக வந்துகொண்டிருந்தார்.

"ஆறிடப் போவுது, சாப்பிடு மகளே" என்றாள் இவானா. "சீஸ் போடட்டுமா?"

"கொஞ்சமா" என்று சொல்லித் தட்டை நகர்த்தினாள் யாகோதா.